தட்டு உடையவில்லையா? தோட்டாவை மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

காற்றில் வீசப்படும் தட்டுகளை ஷாட்கன்னால் சுட்டு உடைக்கும் விளையாட்டில், 25 தட்டில் 8 தப்பிப் போன நாளில் முதல் சந்தேகம் தோட்டா மேல்தான் விழும். அடுத்த வாரம் வேறு பெட்டி வாங்குவோம், அதற்கடுத்த வாரம் இன்னும் வேகமான பெட்டி. நானும் ஒரு வருடம் முழுக்க இப்படித்தான் செய்தேன். அலமாரியில் ஏழெட்டு வகைத் தோட்டா அரைப் பெட்டி அரைப் பெட்டியாகச் சேர்ந்ததே தவிர, எது என் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

தோட்டா சரியில்லை என்றால் அது எங்காவது ஒரு தடயத்தை விட்டுவிட்டுத்தான் போகும். தட்டு எப்படி உடைகிறது, சத்தம் எப்படி இருக்கிறது, குழலுக்குள் என்ன படிந்திருக்கிறது, காலி உறையின் அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் படித்துவிடுங்கள். அது மதிப்பெண் பற்றியதல்ல, கையும் கண்ணும் பற்றியது.

சத்தம் மட்டமாக வந்தது, அல்லது வெடிக்கவே இல்லை

வழக்கமான வெடிச் சத்தத்துக்குப் பதிலாக 'புஸ்' என்று ஒரு சத்தம், தோளில் உதையே இல்லை. இப்படி நடந்தால் அடுத்த தோட்டாவை மட்டும் போட்டுவிடாதீர்கள். வெடிமருந்து சரியாக எரியாமல் வாட் குழலுக்குள்ளேயே நின்றுபோயிருக்கலாம். மருந்துக்கும் ஈயக்குண்டுகளுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் அல்லது நார் அடைப்பைத்தான் வாட் என்கிறோம். அது குழலை அடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் இன்னொரு தோட்டாவை வெடித்தால் குழல் கிழிந்துவிடும்.

ஒருமுறை என் பக்கத்து நிலையில் நின்றவருக்கு இது நடந்தது. அவர் அவசரப்படாமல் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டமாக வானம் தெரிய வேண்டும். தெரியவில்லை. வாயிலிருந்து ஒரு சாண் உள்ளே பச்சை நிற வாட் ஒன்று, இதழ்கள் விரியாமல், நாலைந்து குண்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுத்தம் செய்யும் தடியால் தட்டியதும் விழுந்துவிட்டது. அந்த அரை நிமிடப் பார்வைதான் அவரைக் காப்பாற்றியது.

குதிரையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் வேறு முறை. துப்பாக்கியைத் திறக்காமல், சுடும் திசையை நோக்கியே பிடித்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. அப்புறம் திறந்து, பிரைமரில் (உறையின் அடி நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) விழுந்திருக்கும் குழியைப் பாருங்கள். நன்றாக வெடித்த உறை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். குழி ஆழமாக, நடுவில் இருந்தால் பிரைமரில்தான் கோளாறு. அந்தப் பெட்டியிலேயே இன்னொன்றும் இப்படிப் போனால் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். குழி லேசாக இருந்தாலோ ஓரமாக விழுந்திருந்தாலோ தோட்டாவைக் குறை சொல்லக் கூடாது. பிரைமரை அடிக்கும் ஊசி தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், துப்பாக்கி முழுதாக மூடாமல் இருந்திருக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். 12 போர் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு, எண் ஏற ஏற குழல் சிறுக்கும்) துப்பாக்கியோடு 20 போர் தோட்டாவை ஒரே பையில் வைக்கவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் சேம்பருக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) வழுக்கிப் போய், சேம்பர் முடிகிற இடத்தில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும். 'போட மறந்துவிட்டேன் போல' என்று ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 20 போர் உறையை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். கண்ணில் மஞ்சள் பட்டால் கை நிற்க வேண்டும்.

இரண்டாவது, சேம்பர் நீளம். பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருப்பது சுட்ட பிறகு வாய் மடிப்பு விரிந்த உறையின் நீளம். சுடுவதற்கு முன் அது கணிசமாகக் குட்டையாக இருக்கும். அதனால் 65 மி.மீ. சேம்பர் உள்ள பழைய துப்பாக்கியில் 70 மி.மீ. தோட்டா அழகாக உள்ளே போய்விடும். வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். 'உள்ளே போகிறது, அப்படியென்றால் சரிதான்' என்பது இங்கே செல்லாது. குழலின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். எண் அழிந்திருந்தால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் அளந்துகொள்ளுங்கள்.

தட்டு பொடியாகாமல் இரண்டு மூன்று துண்டாகப் பிளக்கிறது

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. தோட்டாவின் தரம் பளிச்சென்று தெரியும் இடமும் இதுதான்.

நடுவில் பட்ட தட்டு கரும்புகை மாதிரி பொடியாகும். ஓரத்தில் பட்டால் ஒரு சில்லு தெறிக்கும். ஒரே பக்கமாகச் சில்லு தெறித்துக்கொண்டே இருந்தால் அது குறியின் பிரச்சினை. எப்போதும் முன்பக்கம் உடைகிறதென்றால் அதிகம் முந்துகிறீர்கள், பின்பக்கம் என்றால் பின்தங்குகிறீர்கள். அதற்குத் தோட்டாவை மாற்றிப் பயனில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி, ஒருமுறை இரண்டாகப் பிளந்து, ஒருமுறை ஓட்டை மட்டும் விழுந்து, ஒருமுறை தூசி மட்டும் பறந்து தட்டு முழுசாகப் போகிறது என்றால் குண்டுகள் போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்று பொருள். போட்டியில் வெறும் தூசி பறந்தால் அது தப்பிய தட்டுதான். கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டாவது பிரிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 24 கிராம் தோட்டாவில் 2.4 மி.மீ. குண்டு ஏறத்தாழ 295 இருக்கும். முழு சோக் (குண்டுகள் விரிவதைக் குறைக்கும் குழல் வாய் இறுக்கம்) போட்ட குழல், சுமார் 36 மீட்டர் தூரத்தில் 76 செ.மீ. வட்டத்துக்குள் 70 சதவீதக் குண்டுகளைச் சேர்க்க வேண்டும் என்பது நெடுநாள் அளவுகோல். அதாவது 206 குண்டு. வட்டத்தின் பரப்பில் பகிர்ந்து கொடுத்தால் 22 சதுர செ.மீ.க்கு ஒரு குண்டு. இப்போது தட்டைப் பாருங்கள். விட்டம் 110 மி.மீ., உயரம் 25 மி.மீ. சொச்சம். டிராப் என்ற போட்டி வகையில் சுடும்போது நம்மிடமிருந்து விலகிப் பறக்கும் தட்டின் வயிறோ முகமோ நமக்குத் தெரியாது, விளிம்புதான் தெரியும். அந்த விளிம்பின் பரப்பு 25 சதுர செ.மீ. அளவுதான். சராசரிக்கு ஒரு குண்டு! வட்டத்தின் நடுவில் அடர்த்தி கூடுதல், ஓரத்தில் குறைவு என்பதால் நடுவில் பிடித்தால் மூன்று நான்கு படும், ஓரமாகப் போனால் ஒன்றும் படாமலும் போகும்.

இதில் பத்தில் ஒரு குண்டு தடம் மாறிப் போனால்கூட எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். தடம் மாற்றுவது எது? மென்மையான ஈயம்.

சுத்த ஈயம் மிகவும் மிருது. மருந்து வெடித்ததும் குண்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் நிற்கும் நிலையிலிருந்து முழு வேகத்துக்குத் தள்ளப்படுகின்றன. மேலே இருக்கும் குண்டுகளின் பாரம் முழுக்க அடியில் இருப்பவற்றின் மேல் இறங்கும். அடி வரிசைக் குண்டுகள் தட்டையாகிவிடும். அப்புறம் சோக்கில் நுழையும்போது ஒருமுறை பிழியப்படும். தட்டையான குண்டு உருண்டையான குண்டு மாதிரி காற்றைக் கிழித்துக்கொண்டு போகாது. வேகம் குறையும், பக்கவாட்டில் விலகும். பேட்டர்ன், அதாவது குண்டுகள் பரவி விழும் வட்டம், அதன் விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிபவை பெரும்பாலும் இவைதான்.

இதைத் தடுக்க ஈயத்தில் அதைக் கடினமாக்கும் ஆன்டிமனி கலக்கிறார்கள். மலிவான தோட்டாவில் ஒன்றிரண்டு சதவீதம் அல்லது அதற்கும் கீழே இருக்கும். நல்ல போட்டித் தோட்டாவில் 5 சதவீதம் வரைகூட இருக்கும். பெட்டியில் எழுதியிருந்தால் நல்லது. எழுதாவிட்டாலும் சோதிக்க எளிய வழி உண்டு. பேட்டர்ன் தாளுக்குப் பின்னால் தடிமனான அட்டைகளை அடுக்கிச் சுட்டு, உள்ளே சிக்கிய குண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். இரண்டு வகைத் தோட்டாவிலும் இருபது இருபது குண்டு எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் உருட்டிப் பாருங்கள். உருளுகிறவை எத்தனை, சறுக்கிக்கொண்டு நிற்பவை எத்தனை? நான் முதல் தடவை இதைச் செய்தபோது மலிவுத் தோட்டாவின் குண்டுகளில் பாதி, பருப்பு மாதிரி ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அட்டையில் மோதியும் கொஞ்சம் நசுங்கும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டும் ஒரே அட்டையில்தான் மோதின. ஒப்பீடு சரியாகவே வரும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் கையில் ஒட்டியிருக்கும்போது எதையும் தின்னக் கூடாது.

நிக்கல் முலாம் பூசிய குண்டு இன்னும் நல்லதா என்று கேட்பார்கள். உள்ளே இருக்கும் ஈயம் கடினமாக இருந்தால் முலாம் கொஞ்சம் உதவும். உள்ளே மிருதுவான ஈயத்தை வைத்து வெளியே பளபளப்பு ஏற்றியிருந்தால் காசுதான் வீண். கூடுதல் காசை எங்கே செலவழிப்பது என்று என்னைக் கேட்டால், ஆன்டிமனிக்குக் கொடுங்கள் என்பேன்.

சரியாகச் சுட்டது போலவே இருக்கிறது, தட்டு முழுசாகப் பறக்கிறது

முதலில் துப்பாக்கி எங்கே சுடுகிறது என்று பாருங்கள். ஒன்றேகால் மீட்டர் சதுரத்தில் பெரிய தாள், நடுவில் ஒரு புள்ளி, நீங்கள் வழக்கமாகத் தட்டை உடைக்கிற தூரம். கிட்டத்தில் குறுக்கே பறக்கும் தட்டைச் சுடும் ஸ்கீட் வகை என்றால் 20 மீட்டர் போதும். டிராப் என்றால் 32 முதல் 35 மீட்டர். ஒரே குழலில் ஒரே வகைத் தோட்டாவால் ஐந்து தாள் சுடுங்கள். ஒரே தாளை வைத்து முடிவு கட்டினால் ஏமாறுவீர்கள். ஒவ்வொரு வெடிக்கும் பேட்டர்ன் மாறத்தான் செய்யும்.

ஐந்து தாளிலும் அடர்த்தியான பகுதி புள்ளியை விட்டு ஒரே பக்கம் விலகியிருந்தால் பிரச்சினை துப்பாக்கியைத் தோளில் தாங்கும் கட்டையிலோ நீங்கள் கன்னம் வைக்கும் விதத்திலோ இருக்கிறது. டிராப் துப்பாக்கிகள் வேண்டுமென்றே சற்று மேலே சுடும்படி செய்யப்பட்டவை. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடு சரியாக இருந்து, உள்ளே திட்டுத் திட்டாக வெற்றிடம் தெரிந்தால்? ஒரு அட்டையில் 110 மி.மீ. வட்டம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். அதற்குள் ஒரு குண்டும் விழாத இடம் ஐந்து தாளிலும் நிறைய வந்தால் மாற்ற வேண்டியது சோக்கா, குண்டு அளவா, தோட்டாவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சோக்கையும் தோட்டாவையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமலே போய்விடும். என் அனுபவத்தில் இந்த இடத்தில்தான் பொறுமை கெடும்.

குண்டு அளவில் ஒரு குழப்பம் இருக்கிறது. எண் ஏற ஏற குண்டு சிறுக்கும். ஆனால் எல்லா நாட்டு எண்ணும் ஒன்றல்ல. அமெரிக்க 7½ என்பது 2.4 மி.மீ., பிரிட்டிஷ் கணக்கில் அதே அளவுக்கு எண் 7. அமெரிக்க 8 என்பது 2.3 மி.மீ., பிரிட்டிஷ் 8 என்பது 2.2. அதனால் எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். பெட்டியில் மில்லிமீட்டர் இல்லாமல் அமெரிக்க எண் மட்டும் இருந்தால், 17-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது அங்குலத்தில் நூறில் எத்தனை என்பது. 9 என்றால் 8 வரும், அதாவது 0.08 அங்குலம், 2 மி.மீ.

ஸ்கீட்டுக்கு 2 மி.மீ. குண்டு அருமை. 24 கிராமில் ஏறத்தாழ 500 குண்டு இருக்கும், 20 மீட்டருக்குள் அதன் அடி போதும். அதையே டிராப்புக்குக் கொண்டு போனால் தூரத்தில் தட்டில் பட்டும் உடைக்கத் தெம்பில்லாமல் போகும். தூசி மட்டும் பறக்கும் தட்டுக்கு இதுவும் ஒரு காரணம். டிராப்புக்கு 2.4 தான் நம்பகமான அளவு. தூரமும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும் ஸ்போர்ட்டிங் பந்தயத்துக்கு ஒரே வகையில் முடிக்க வேண்டுமென்றால் 2.4 அல்லது 2.3.

வாட்டும் பேட்டர்னை மாற்றும். கிண்ணம் மாதிரி குண்டுகளை மூடிக்கொண்டு போகும் பிளாஸ்டிக் வாட், குழல் சுவரில் குண்டு உரசாமல் காக்கும், பேட்டர்ன் இறுக்கமாக வரும். நார் வாட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லாததால் பொதுவாகச் சற்று விரியும். பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மைதானத்தில் நார் வாட் தோட்டாவால்தான் சுட வேண்டும் என்றால், அதே தோட்டாவில் பேட்டர்ன் பார்த்து, தேவைப்பட்டால் சோக்கை ஒரு படி இறுக்கிக்கொள்ளுங்கள்.

கிட்டத் தட்டு உடைகிறது, தூரத் தட்டு தப்புகிறது

'இன்னும் வேகமான தோட்டா வேண்டும்' என்று கேட்பது இங்கேதான். நான் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

நொடிக்கு 370 மீட்டர் தோட்டாவையும் 400 மீட்டர் தோட்டாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 35 மீட்டர் போய்ச் சேர ஆகும் நேரத்தில் வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு ஏழு பங்கு. குறுக்கே நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் தட்டு அதற்குள் நகர்வது ஏறத்தாழ தன் அகலம்தான். பேட்டர்னின் அகலமோ அதைப்போல ஆறேழு மடங்கு. அரை மீட்டர் பின்தங்கிச் சுடுகிறவரை இந்த வேகம் காப்பாற்றாது. வேகம் கூடினால் உதை கூடும், அடியில் இருக்கும் குண்டுகள் இன்னும் நசுங்கும். சிறு குண்டு காற்றில் போகும்போது அந்தக் கூடுதல் வேகத்தில் பெரும்பங்கு வழியிலேயே கரைந்தும் போகும்.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தை இன்னொரு பெட்டியோடு அப்படியே ஒப்பிடவும் முடியாது. சிலர் குழல் வாயருகில் அளந்ததைப் போடுவார்கள், சிலர் இரண்டரை மீட்டர் தள்ளி அளந்ததை. அந்தக் குறுகிய தூரத்துக்குள்ளேயே குண்டு வேகம் இழந்துவிடுகிறது.

தூரத் தட்டு தப்பினால் முதலில் குண்டு அளவு, அடுத்து ஈயத்தின் கடினம், அதற்கடுத்து சோக். வேகம் கடைசி.

தோள் வலிக்கிறது, சுடும் நேரத்தில் கண் மூடிக்கொள்கிறது

மூன்றாவது ரவுண்டில் மதிப்பெண் சரிகிறதென்றால் இதைச் சந்தேகப்படுங்கள். நண்பர் ஒருவரை விட்டுத் தோட்டா போடச் சொல்லுங்கள். இடையிடையே உங்களுக்குத் தெரியாமல் போலித் தோட்டா போட வேண்டும், ஊசியைக் காப்பதற்கென்றே விற்கிற வெற்று வகை. அது வரும்போது குழல் வாய் சட்டென்று கீழே குத்தினால் உதைக்குப் பயந்து உடம்பு முந்திக்கொள்கிறது என்று உறுதியாகிவிடும்.

28 கிராமிலிருந்து 24 கிராமுக்கு இறங்குங்கள். வேகத்தையும் ஒரு படி குறைத்தால் உதை நன்றாகவே தணியும். குண்டு குறையுமே என்ற பயம் வேண்டாம். ஒலிம்பிக் போட்டிகளே 24 கிராமில்தான் நடக்கின்றன. எடை குறைந்த துப்பாக்கியில் கன தோட்டா போடுவது வலிக்கு வழி. கட்டையின் நீளம் ஒத்துவராமல் இருந்தாலும் இதே வலி வரும், அதைத் தோட்டாவால் சரிசெய்ய முடியாது. புதிதாகக் கற்பவருக்கு ஆரம்பத்திலிருந்தே 24 அல்லது 21 கிராம் கொடுங்கள். ஒருமுறை படிந்த பயம் போக மாதக்கணக்காகும்.

இரண்டாவது வெடி வரவில்லை, அல்லது அரைத் தானியங்கி அடுத்த தோட்டாவை ஏற்றவில்லை

மேல் கீழ் இரட்டைக் குழலில் ஒற்றைக் குதிரை இருந்தால், பல மாடல்களில் முதல் வெடியின் உதைதான் குதிரையை இரண்டாவது குழலுக்கு மாற்றிவிடுகிறது. 21 கிராம் மாதிரி மிக லேசான தோட்டாவில், அல்லது கட்டையைத் தோளில் தளர்வாக வைத்திருந்தால், அந்த உதை போதாமல் போகலாம். கட்டையை அழுத்தி வைத்துச் சுட்டுப் பாருங்கள். சரியானால் தோட்டாவில் குற்றமில்லை.

அரைத் தானியங்கிக்கு வாயுவோ உதையோ ஓரளவு தேவை. 28 கிராமில் ஒழுங்காக ஓடும் துப்பாக்கி 24 கிராமில் உறையைப் பாதியில் பிடித்துக்கொண்டு நிற்கும். வாயுத் துளைகளைச் சுத்தம் செய்து, எண்ணெய் லேசாக விட்டு, மறுபடி பாருங்கள். அப்போதும் ஓடாவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு 28 கிராம்தான் என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

காலி உறை சேம்பரில் ஒட்டிக்கொள்கிறது

பித்தளை மாதிரி தெரியும் அடிப்பாகம் பல தோட்டாக்களில் உண்மையில் முலாம் பூசிய இரும்பு. வெடித்ததும் விரியும், ஆனால் பித்தளை அளவுக்கு நன்றாகச் சுருங்காது. சேம்பரில் சொரசொரப்போ பிளாஸ்டிக் படிவோ இருந்தால் பிடித்துக்கொள்ளும். சேம்பரைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். அதன் பிறகும் ஒரு குறிப்பிட்ட தோட்டா மட்டும் ஒட்டினால் அதை விட்டுவிடலாம். பிரைமர் மிகையாகத் தட்டையாகியோ வெளியே துருத்தியோ இருந்து, கூடவே திறக்கவும் கடினமாக இருந்தால் சுடுவதை நிறுத்துங்கள். அது அழுத்தம் மிகுந்ததன் அடையாளமாக இருக்கலாம், சேம்பர் இடைவெளிக் கோளாறாகவும் இருக்கலாம். வீட்டில் மறுபடி நிரப்பிய தோட்டா என்றால் மருந்தின் எடையைச் சோதிக்காமல் அந்தத் தொகுதியில் ஒன்றைக்கூடச் சுடக் கூடாது.

குழலில் எரியாத மருந்துத் துணுக்குகள், சத்தம் ஒரே மாதிரி இல்லை

துப்பாக்கியைத் திறந்ததும் குழலில் மணல் தூவியது மாதிரி மருந்துத் துணுக்கு கிடந்தால் அழுத்தம் போதுமான அளவு ஏறவில்லை. கொஞ்சம் கிடப்பது சாதாரணம். அதிகமாகக் கிடந்து சத்தமும் வெடிக்கு வெடி மாறினால், முதலில் சுடாத தோட்டாக்களின் வாய் மடிப்பைப் பாருங்கள். ஆறோ எட்டோ மடிப்பு, எல்லாம் நடுவில் இறுக்கமாகச் சேர வேண்டும். பத்துத் தோட்டாவை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தால் ஒரே உயரம், ஒரே ஆழம் இருக்க வேண்டும். ஒன்று குழிந்து ஒன்று உப்பி இருந்தாலோ, நடுத் துளை வழியே சிறு குண்டு எட்டிப் பார்த்தாலோ, அது கவனமில்லாமல் செய்த தோட்டா. மடிப்பு தளர்ந்தால் மருந்து முழுதாகப் பற்றிக்கொள்ளும் முன்பே குண்டு நகர்ந்துவிடும்.

மடிப்பு நன்றாக இருந்தும் இப்படி நடந்தால் குளிரையும் ஈரத்தையும் பாருங்கள். கடுங்குளிரில் மருந்து மெதுவாக எரியும், பிளாஸ்டிக் வாட்டும் விறைத்துவிடும். ஈரம் பட்ட தோட்டா காய்ந்த பிறகும் நம்பிக்கைக்குரியதல்ல. காகித உறை என்றால் ஈரத்தில் உப்பி சேம்பருக்குள்ளேயே போகாது. தோட்டாவை அதன் பெட்டியிலேயே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், பூட்டி வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வாரக்கணக்கில் கிடந்த தோட்டாவைப் போட்டிக்குக் கொண்டு போகாதீர்கள்.

அதே தோட்டா, புதுப் பெட்டி, வேறு நடத்தை

இது உங்கள் கற்பனை அல்ல. தொழிற்சாலையில் ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் மருந்தும் பிரைமரும் மாறலாம். பெட்டி மடிப்பில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். பேட்டர்ன் தாளின் மூலையில் தேதி, தூரம், சோக், லாட் எண் நான்கையும் எழுதுங்கள். நல்ல லாட் கிடைத்ததும் பருவம் முழுவதற்கும் வேண்டியதை அதிலேயே வாங்கி வைப்பது, புதுப்புது வகை தேடி அலைவதைவிடப் பல மடங்கு பலன் தரும். நான் அலமாரியில் இருந்த அத்தனை அரைப் பெட்டிகளையும் பயிற்சியில் தீர்த்துவிட்டு இப்படி மாறியபோதுதான் என் மதிப்பெண் ஏற்ற இறக்கம் இல்லாமல் நின்றது.

ஈயம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், ஸ்டீல் போட்டதும் எல்லாம் மாறிவிட்டது

மாறத்தான் செய்யும். ஸ்டீலின் அடர்த்தி ஈயத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். அதே அளவுக் குண்டு லேசாக இருப்பதால் சீக்கிரம் வேகம் இழக்கும். இரண்டு அளவு பெரிய குண்டுக்குப் போங்கள். ஸ்டீல் நசுங்காது என்பதால் பேட்டர்ன் இறுக்கமாக வரும். ஆகவே சோக்கைத் தளர்த்துங்கள், முழு சோக் வேண்டாம். அதற்கு முன் உங்கள் துப்பாக்கி ஸ்டீலுக்கு ஏற்றதா என்று தயாரிப்பாளரின் கையேட்டிலும் குழல் முத்திரையிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய மெல்லிய குழலில் சோதித்துப் பார்க்க நினைக்கவே கூடாது. குழலைக் காக்கும் தடித்த வாட் உள்ள தோட்டாவாகவும் இருக்க வேண்டும். ஸ்டீல் குண்டு கடினமான பொருளில் பட்டுத் திரும்பித் தெறிக்கும் என்பதால் கண்ணாடி இல்லாமல் நிற்கக் கூடாது. இரும்புப் பேட்டர்ன் பலகையில் ஸ்டீலால் சுடவும் கூடாது, தாளில்தான் சுட வேண்டும்.

பயிற்சியில் சரியாக இருந்த தோட்டாவைப் போட்டியில் மறுத்துவிட்டார்கள்

சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி குண்டின் மொத்த எடை 24 கிராம், கூடுதலாக அரை கிராம் வரை விட்டுக்கொடுப்பு. அதாவது 24.5-க்கு மேல் போகக் கூடாது. குண்டு விட்டம் 2.6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பெட்டியில் எட்டில் ஏழு அவுன்ஸ் என்று இருப்பதை '24 கிராம்தானே' என்று எடுத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டால் அது 24.8 கிராம். நடுவர் ஒரு தோட்டாவைப் பிரித்துத் தராசில் வைத்தால் அந்தப் பத்தில் மூன்று பங்கு கிராம் போதும், நீங்கள் சுட்டது செல்லாமல் போக. போட்டிக்கு வாங்கும் பெட்டியில் 24 கிராம் என்று கிராமிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். வாங்கியதும் அந்த லாட்டிலிருந்து இரண்டு மூன்று தோட்டாவின் வாய் மடிப்பைப் பிரித்து, குண்டுகளை மட்டும் கொட்டி, நகைத் தராசு மாதிரி நுட்பமான தராசில் நிறுத்துப் பாருங்கள். பிரித்த உறையில் மருந்தும் பிரைமரும் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அவற்றைக் குப்பையில் போடாமல் மைதானப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.